ஏழு மாதத்துக்குப் பிறகு ஓங்கி அடித்த பந்து

ஞாயிறு, இரவு.

தோள் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் கழித்து, இன்று எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் விளையாட்டு மண்டபத்தில் பூப்பந்து ஆடினேன். தலைக்கு மேல் கையை வீசி அடிக்கலாம் என்று பிசியோ போன வாரமே சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயம். "மேல வர்றத நான் பாத்துக்கறேன்லா," என்றார் என் ஜோடி சுமதி அக்கா.

ஆனால் அக்கா வலையோரம் நின்ற நேரம் பார்த்து, பந்து என் தலைக்கு மேல் உயர்ந்து வந்தது. யோசிக்க நேரமில்லை. ஓங்கி அடித்துவிட்டேன். எதிர்ப்பக்கம் இருந்த இரண்டு பேரும் அசையக்கூட இல்லை.

"ஐயோ, கை!" என்று ஓடிவந்த அக்கா, கட்டிப்பிடிக்கப் பயந்து பாதியில் நின்றார். நானே இரண்டு கையாலும் அவரை இறுக்கிக்கொண்டேன்.

இப்போது லேசாக வலிக்கிறது. பிசியோவிடம் சொல்ல வேண்டும். இந்தச் சிரிப்பு அடங்கினால்தானே தூங்குவது!