டேனியல் வாசலில் நிற்கிறான்

காஞ்சிபுரம்
வியாழக்கிழமை

அன்புள்ள அனு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய என் புத்தகத்தின் புரூப் வந்தது. திருத்தி இதோடு கூரியரில் அனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய், கூடவே நானும் சிரித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

பதினோரு கதைகளும் ஒரே தரத்தில் இல்லை என்கிறாய். ஒத்துக்கொள்கிறேன். பட்டுக்கடைக் கதை பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. கலெக்டர் ஆபீஸ் கதை கதையே இல்லை, மனு. தொகுப்பு என்றால் மேடும் பள்ளமும் இருக்கும், படிப்பவர் நடுவில் பிரிப்பார், மூன்றைத் தள்ளிவிட்டு ஒன்றில் மாட்டிக்கொள்வார், அந்த ஒன்றுக்காகவே புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போடாமல் வைத்திருப்பார் என்று எழுதியிருந்தாய். எனக்கும் தொகுப்புகள் பிடிக்கும். ஒரு கதையில் செத்தவர்கள் அடுத்த கதைக்குள் வருவதில்லை. பக்கத்தைத் திருப்பினால் போதும், நம்மை விட்டுவிடுவார்கள்.

ஆனால் மற்ற பத்தையும் தூக்கி நிறுத்துகிறது என்று நீ முதலில் வைத்த கதையை இப்படியே போடாதே.

டேனியல் எங்கள் தெருக்காரன். சாயப்பட்டறையில் வேலை. கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டபோது முதலாளி அவனை ஒரு கயிறுகூடக் கொடுக்காமல் உள்ளே இறக்கினார். விஷவாயுவில் செத்தான். முகத்தைப் பார்க்க முடியாது என்று பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். தொட்டியில் இறக்க எந்தத் தெருவில் ஆள் தேடுவார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்ற கதைகளில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இதில் மட்டும், பத்திரிகைக்காரர் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும் என்று கேட்டதால், அவனை உயிரோடு மேலே ஏற்றிவிட்டேன். ஈரத்தோடு நடந்து வந்து தன் அம்மா வீட்டு வாசலில் நிற்கிறான். கதை அங்கே முடிகிறது.

அவன் அம்மா செல்லியம்மாளை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு தீபிகா சாயங்காலம்தோறும் பத்திரிகையில் வந்த அந்தக் கதையைப் படித்துக் காட்டுகிறாள். மற்றவற்றையும் கொடுத்துப் பார்த்தேன். அதெல்லாம் நம்ம தெருவிலேயே தினமும் நடக்கிறது, அதைப் போய் எதற்குப் படிக்க வேண்டும் என்று தள்ளிவிட்டாராம். உன்னைவிடக் கறாரான எடிட்டர்.

இந்த மாதம் கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்தார்கள். டேனியலுடையது மட்டும் புல் மண்டிக் கிடந்தது. கோயிலில் வாசிக்கும் இறந்தவர்கள் பெயரோடு அவன் பெயரையும் சேர்க்க உபதேசியார் தாவீது பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். "உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குபா மெழுகுவத்தி?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் பெரியம்மா.

நான் போனபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அழவில்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "தெனம் சாயங்காலம் வரான்மா. உள்ள வர்றதில்ல, வாசல்லயே நின்னுக்கினு இருக்கான். கைக்குத் தண்ணி ஊத்தினா, நீலமா ஓடுது."

அனு, கை கழுவிய தண்ணீர் நீலமாக ஓடியது என்று முதலில் ஒரு வரி எழுதியிருந்தேன். மிகையாகத் தெரிந்தது, அழித்துவிட்டேன். போனில் தட்டிய வரி. பத்திரிகைக்குப் போகவில்லை, உனக்கும் அனுப்பவில்லை, வாய்விட்டும் சொன்னதில்லை.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அங்கயே நிறுத்திட்ட. அதான் அவனால படி தாண்ட முடியல. உள்ள வந்து ஒரு வாய் சோறு துன்ற மாதிரி நாலு வரி எழுதும்மா. உனக்கு எவ்ளோ நேரம் ஆவப்போவுது?"

திங்கட்கிழமை கோர்ட்டில் முதலாளி மேலான வழக்கு விசாரணை. முதல் சாட்சி பெரியம்மாதான். மகன் பட்டறைத் தொட்டியில் செத்தான் என்று அவர் வாயால் வர வேண்டும். வராது. முதலாளிக்கும் சேதி எட்டிவிட்டது. பட்டறை மேஸ்திரி டீக்கடையில் என்னை நிறுத்தி, "என்னாமா, பையன் வூட்டுக்கு வந்துட்டானாமே? எங்களுக்கும் சந்தோஷம்தான்" என்றான். சுற்றி இருந்தவர்கள் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வக்கீல் ஒரு வருஷமாக முயன்றும் முடியாததை என் கதை செய்து கொடுத்துவிட்டது, அதுவும் நம்பிக்கை என்ற பெயரில்.

நேற்று வேறு முடிவு எழுதினேன். அவன் மேலே வரவில்லை. பெட்டி மூடியபடி வருகிறது. அந்தப் பக்கங்கள் இந்தக் கவரிலேயே இருக்கின்றன. புத்தகத்தில் அதைப் போடு. பழையதைவிட மோசமான கதை, தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைப் பெரியம்மாவுக்கு நானே படித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை அவனை முதலாளி இறக்கினார். இந்தத் தடவை நான்.

பேய் என்று பேசுகிறவர்களை நான் எப்படிக் கிழிப்பேன் என்று உனக்குத் தெரியும். நேற்று அந்தக் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தபோது, விளக்கு வைக்கிற நேரம், யாரோ நிற்கிறார்கள் பார் என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். நான் எழுந்து போகவில்லை. கொஞ்சம் கழித்துத் திரும்பவும் சொன்னார். அப்போதும் போகவில்லை.

பெரியம்மா வீட்டுக்கு என்னால் தனியாகப் போக முடியாது. சனிக்கிழமையே புறப்பட்டு வா. வாலாஜாபாத் வழியாக வரும் பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும். ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கதவைத் திறந்தே வைக்கிறேன். வாசலில் நின்று கூப்பிடாதே, அனு. நேராக உள்ளே வந்துவிடு.

உன்,
திரிஷா