கால் நனைக்காத முதலாளி

புதுச்சத்திரம்,
ஞாயிறு காலை

என் மாமாவுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவீர்கள். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். லாரியை ஓரங்கட்டிவிட்டுப் படியுங்கள்.

கீமோவில், குடலிலிருந்து என் ஈரலுக்குப் பரவிய கட்டிகள் நன்றாகச் சுருங்கிவிட்டன! வெட்டி எடுத்துவிடலாமாம். இப்போது ஹாரன் அடித்திருப்பீர்கள், தெரியும்.

சங்ககிரியில் உங்கள் கூட்டாளி சொன்ன இம்யூனோதெரபி ஊசியைப் பற்றி மைதிலி டாக்டரிடம் கேட்டேன். உடம்பின் காவலைக் கட்டிவைத்திருக்கும் கயிற்றை அது அவிழ்த்துவிடுமாம். ஆனால் அவிழ்த்துவிட்டாலும் காவலுக்கு எதிரியை அடையாளம் தெரிய வேண்டுமே! சிலருடைய குடல் புற்றில் மரபணுப் பிழைகள் ஏராளம். அந்நிய முகம் பளிச்சென்று தெரியும், நோய் ஊசிக்குக் கேட்கும். என்னுடையதில் பிழைகள் குறைவு. பார்த்தால் வீட்டு ஆள் போலவே இருக்குமாம், காவல் கண்டுகொள்ளாதாம், அதனால் ஊசி எனக்கு உதவாதாம்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. போன தடவை பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் நீங்கள் உள்ளே வந்து, மூன்றாம் ஷெட் கோழிகளுக்கெல்லாம் சளி பிடித்ததே!

"ஏனுங்க டாக்டர், எங்கூட்டுக்காரர மொதலாளின்னு வாட்ச்மேன் உட்ட மாதிரிங்களா?" என்றேன்.

"அதேதாங்க!" என்று டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. எனக்குப் பயமெல்லாம் இல்லை. கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன. நீங்கள் வியாழனே வந்துவிட்டால் நல்லது, சும்மாதான் சொல்கிறேன்.

வாசல் தொட்டியில் புதுத் தண்ணீர் விட்டாயிற்று. எவ்வளவு பழகிய முகமானாலும் நிறுத்தச் சொல்லி வாட்ச்மேனுக்கு உத்தரவு. காலை நனைத்துவிட்டு ஓடி வாருங்கள்.

உங்கள் பண்ணைக்காரி