பனிமட்டையும் பனைமட்டையும்

இன்று காலை வேலி அடைக்கவென்று பனைமட்டை சீவிக்கொண்டிருந்தேன். ஓரத்து முள்ளுக் கருக்கு வெட்டுண்டு விழ விழ அந்தக் காய்ந்த மணம் மூக்கில் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியே இருந்து சிரிக்கிற மனுசனைப் பக்கத்து வளவுக்காரன் எட்டிப் பார்த்தான். என்னவும் நினைக்கட்டும். அது உம்மால் வந்த சிரிப்பு.

சமாதானப் பேச்சு நடந்து, கொழும்புப் பாதை திறந்திருந்த காலம். சுவிசிலிருந்து எங்கள் மகள் எடுக்கும் தொலைபேசிக்காக நீரும் நானும் ஊர்காவற்றுறைக் கடைக்குப் போவோம். கலியாணம் முறிந்து அங்கே தனித்துப்போனவள். எப்போது கேட்டாலும் "சுகமா இருக்கிறன் அம்மா" என்ற ஒரே பதில். உமக்கு நம்பிக்கை வரவில்லை. "வாய் சொல்லுது. நான் கண்ணாலை காணவேணும்" என்று கரம்பொனில் எங்கள் வீடு வரை வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வருவீர்.

அந்த மாரியில் அவள் புதுக்கதை ஒன்று சொன்னாள். லீவுக்கு மலையூர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாளாம். பேர்போன இடமில்லை, எங்கள் சனம் எட்டியும் பாராத சின்ன ஊர். அறை வாடகை குறைவாம், பனியில் சறுக்கி விளையாடலாமாம், நாங்களும் வரவேண்டுமாம். எனக்கு விசர் வந்தது. மார்கழிப் பனிக்கே தலையில் துவாய் கட்டுகிற ஆள் நான். "இந்த வயதிலை சறுக்கி விழவோ பிளேன் ஏறிறது? வாற வருஷம் பாப்பம்" என்றேன்.

"வாற வருஷமும் பாதை திறந்திருக்கும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றீர். அடுத்த கிழமையே பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போனோம்.

பிறகு குசினி மேசையில் ஒரே ஆயத்தம்தான். ஒடியல்மா, கருவாடு, அலுமாரிக்குள் கிடந்த பழைய சுவெற்றர். அடுத்த அழைப்பில் வேறென்ன கொண்டுவர என்று கேட்டீர். லைன் இரைந்தது. 'பனைமட்டை கொண்டர' என்பது மட்டும் உம் காதில் விழுந்தது, மிச்சம் இரைச்சலோடு போய்விட்டது. நீர் துளியும் ஐமிச்சப்படவில்லை. சின்ன வயதில் அவளை மட்டையின் அகன்ற அடியில் இருத்தி, சாட்டிக் கடற்கரை மணலில் இழுத்துத் திரிந்தவன் நான்தானே. "பிள்ளைக்குச் சாட்டி ஞாபகம் வந்திட்டுது" என்று கண்கலங்கினீர். நானும் நல்ல மட்டையாய்ப் பார்த்து, கருக்குச் சீவி, உடைந்த போத்தல் ஓட்டால் வழித்து, சூட்கேசுக்கு அளவாய் வெட்டித் தந்தேன்.

கொழும்பில் விசா கேட்ட இடத்தில், திரும்பி வருவீர்களா என்று கேட்டார்கள். "ஆட்டைப் பக்கத்து வீட்டிலை விட்டிட்டெல்லோ வந்தனான். வராமல்?" என்றீர். மொழிபெயர்த்த பெடியன் சிரித்துவிட்டான். விசா கிடைத்தது.

அங்கே போய்ச் சூட்கேசைத் திறந்ததும் மகள் திகைத்து நின்றாள். "அம்மா, நான் சொன்னது பனிமட்டை, சறுக்கிறதுக்குக் காலிலை கட்டிறது! அதையும் கொண்டர வேண்டாம், இஞ்சை வாடகைக்கு எடுக்கலாம் எண்டெல்லோ சொன்னனான்!" சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள், நிறுத்த ஏலாமல் நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

மறுநாள் அவள் வாடகைக்கு ஒன்றும் எடுக்கவில்லை. அந்த வெள்ளைச் சரிவில் எங்கள் மட்டையை வைத்து ஏறி இருந்துகொண்டு, "தள்ளுங்கோ அப்பா!" என்று கத்தினாள். தள்ளினேன். பாதி தூரம் போய் உருண்டு, தலையெல்லாம் வெள்ளையாய் எழும்பி, "இன்னொருக்கா!" என்றாள். என் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்ற நீர் அழுதபடி சிரித்தீர். "இஞ்சருங்கோ, இது எங்கடை பிள்ளைதான். இனிக் காணும், வேறொண்டும் வேண்டாம்."

அதன்பின் சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டுப்பட்டது. நீர் நெஞ்சு வருத்தத்தோடு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளால் வர முடியவில்லை. அவள் எங்கே என்று கேட்டுவிடுவீரோ என்று பயந்துகொண்டே பக்கத்தில் இருந்தேன். நீர் கேட்கவில்லை. "நான் கண்டிட்டன். காணும்" என்றீர். உம்மைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும், அந்த அழுகைக்குள்ளும் என் நெஞ்சு ஆறியிருந்ததென்றால் அதனால்தான். நல்லகாலம், வாற வருஷம் பாப்பம் என்று நான் சொன்னதை நீர் கேட்கவில்லை.

இப்போது பாதை திரும்பத் திறந்துவிட்டது. மகள் வருகிறாள். அதற்குத்தான் இந்த வேலியும். அந்த மட்டை இன்னமும் அவளுடைய வீட்டுச் சுவரில் தொங்குகிறதாம். நேற்று அழைத்து, "அப்பா, உங்களுக்கு என்ன கொண்டர?" என்று கேட்டாள். லைன் நல்ல துப்புரவு, ஒரு சொல்லும் தவறவில்லை.

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. நீ வந்தாக் காணும்" என்றேன்.