சாமியறையில் சாருஜா

2025 பெப்ரவரி 3, திங்கள்
மகள் சாருஜா இன்றும் வகுப்பில் தூங்கிவிட்டாளாம். ரீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு மானம் போயிற்று. "பள்ளிக்கூடத்துக்குப் படுக்கவோ போறனீ?" என்று கத்தினேன். பேசாமல் சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்திக்கு மட்டும் குறைவில்லை. இப்போதெல்லாம் விபூதி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி
விளையாட்டு நேரத்தில் மயங்கி விழுந்தாள். இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் ஏழுதான். குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். "ஏன் உவ்வளவு குறைஞ்சதெண்டு பார்க்கவேணும். வேறை சோதினையளும் செய்வம்" என்றார் டொக்டர்.
வேறை என்றால்? என் கணவரின் அக்கா மகன் இரத்தப் புற்றுநோயில் போனவன்.

பெப்ரவரி 8
பிள்ளையாரே, என்ரை பிள்ளையை விட்டிடும்.

பெப்ரவரி 9, ஞாயிறு
சாமியறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். விபூதியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பூசவில்லை — தின்கிறாள்! கை ஓங்கிவிட்டேன்.
"தின்னாமல் இருக்கேலாமல் கிடக்கம்மா" என்று அழுதாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. இதையா நான் ஊரெல்லாம் பக்தி என்று பெருமையடித்தேன்?
இவரிடம் சொன்னேன். "டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை. பிள்ளைக்கு விசர், பைத்தியமெண்டு கதை கட்டுவினம்" என்கிறார். நாளைக்கு ரிப்போர்ட். சொல்வதா, விடுவதா?

பெப்ரவரி 10
சொல்லிவிட்டேன். இவர் என் கையைக் கிள்ளினார். கிள்ளட்டும்.
டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏனம்மா முதலே சொல்லேல்லை? இரும்புச்சத்துக் குறைஞ்சால் சில பிள்ளையளுக்கு மண், பச்சையரிசி, சாம்பல் எண்டு தின்ன ஆசை வரும். ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்லுது."
"அப்ப... கான்சர்?"
"இல்லையம்மா. இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காக் குடுங்கோ. தேத்தண்ணியோடை மட்டும் வேண்டாம், சத்துச் சேராது."
வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவரும்தான்.

பெப்ரவரி 22
குளிசை வயிற்றைப் புரட்டுகிறதாம். விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாழைத்தோட்ட ஒழுங்கையால் பறந்துவிட்டாள். எவ்வளவு கத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுதுபட, வியர்த்துச் சிவந்துபோய் வந்து நிற்கிறாள்.
"எங்கையடி போனனீ?"
"உங்களுக்கு எப்ப பார்த்தாலும் புறுபுறுப்புத்தான்! நானென்ன குழந்தைப்பிள்ளையோ?"
வாய்க்கு வாய். இவர் அதட்ட எழும்பினார்.
"விடுங்கோப்பா," என்றேன், "கதைக்கட்டும்."