ஜன்னலில் கவிழ்த்த தட்டு

பெறாமலே என் பிள்ளைக்குத் தாயாக இருந்த என் மதினிக்கு,

இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிவிட்டது. மஸ்கட்டில் இருந்தபோது இந்த நேரத்தில்தான் உங்களுக்குப் போன் போடுவேன். நான் வேலை பார்த்த வீட்டார் வெள்ளிக்கிழமை வெளியே கிளம்பிப் போவார்கள். நீங்கள் போனை எடுத்ததும் முதல் வார்த்தையாக, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்பீர்கள். ஊர் திரும்பி இத்தனை மாதம் ஆகியும், இந்த நேரம் வந்தால் கை தன்னால் போனைத் தேடுகிறது.

நீங்கள் போய்ச் சேர்ந்தபிறகு எடுக்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். என்னுடையது அஞ்சாம் வகுப்பு எழுத்து. உங்களுக்கு அதுவும் கிடையாது. நீங்கள் இருக்கிற இடத்தில் யாராவது வாசித்துக் காட்டமாட்டார்களா?

முதலில் நல்ல சேதி. உங்கள் பெயரை வைத்த பேத்தி சண்முகப்பிரியா ரெண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் நின்றால் வருகிற பஸ் ஒன்றையும் விடமாட்டாள். ராஜபாளையம், கழுகுமலை, தென்காசி என்று சத்தமாக வாசிப்பாள். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "யாரு பேத்தி இது, இந்தப் போடு போடுது?" என்று கேட்டாள். "எம் பேத்திதான்" என்றேன். அந்த நிமிஷம் நான் இந்த ஊர்க்காரியாக இருந்தேன். மற்ற நேரமெல்லாம் என் சொந்த வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை மதினி.

தெருவில் தறிச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. மாறிப்போனது நான்தான். திறந்து கிடக்கிற கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறேன். முக்குக் கடைக்குப் போகக்கூட மருமகள் வளர்மதியிடம், "போயிட்டு வரட்டுமா?" என்று கேட்கிறேன். முருகேசன் தறி ரிப்பேர் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். "எம்மா, என்னக் கண்டதும் என்னத்துக்கு எந்திரிக்கீக? நான் என்ன கலெக்டரா?" என்று அவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எல்லாரும் சேர்ந்து போனோம். முன்பெல்லாம் அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் உங்கள் முந்தானையை என் கையில் கொடுத்துவிடுவீர்கள். இந்தத் தடவை நான் பையைத் தூக்கிக்கொண்டு ரெண்டடி பின்னாலேயே நடந்தேன். மஸ்கட்டில் மேடம் கடைக்குப் போகும்போது அப்படித்தான் நடப்பேன். வளர்மதி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "கூட வாங்க அத்தை" என்று ரெண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தட்டு.

உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நம் நாட்டு ஆட்கள்தான் அந்த வீட்டில். கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். சம்பளம் தவறியதில்லை, ஏச்சுப் பேச்சு இல்லை. ஆனால் போன முதல் நாளே மேடம் நீலக் கோடு போட்ட ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும் ஒரு கண்ணாடித் தம்ளரும் எடுத்து வைத்து, இது உனக்கு என்றாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து அதில் சாப்பிட வேண்டும். கழுவி ஜன்னலில் கவிழ்க்க வேண்டும். அவர்கள் பாத்திரத்தோடு அது சேரக்கூடாது. அந்த வீட்டுப் பாத்திரம் எல்லாம் என் கைதான் கழுவியது. அந்தக் கணக்கு எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டீர்கள், "ஏட்டி, அவுகளோட உக்காந்துதான சாப்பிடுத?" என்று. உங்களிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "முருகேசன்ட்ட இதச் சொல்லிராத. அவன் தாங்கமாட்டான்" என்றீர்கள். நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாமலே போய்விட்டீர்கள். அவனோ இன்றைக்கும் டீக்கடையில், எங்கம்மாவை அங்கே பெத்த தாய் மாதிரி வைத்திருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான்தானே அப்படிச் சொல்லிவைத்தேன்? ஊருக்கு முன்னால் என் தலை தாழக்கூடாது என்று இருந்தேன்.

நடுவில் லீவில் வந்தபோதெல்லாம் இந்தப் பழக்கம் வெளியே தெரியவில்லை. சோறு வைக்கும்போதே நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவீர்கள். இந்தத் தடவை இழுக்க ஆள் இல்லை. எல்லாரும் சாப்பிடும்வரை நின்று பரிமாறினேன். பிறகு அடுப்படியில் போய் அந்தத் தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். ஆமாம், அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். அத்தனை வருஷம் சோறு தின்ற தட்டு, எறிய மனசு வரவில்லை. சாப்பிட்டதும் கழுவி ஜன்னலில் கவிழ்த்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது.

வளர்மதி அதை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் வேறு சாதிப் பிள்ளை. முருகேசன் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். நீங்கள் ஒற்றை ஆளாக நின்று கல்யாணத்தை நடத்தினீர்கள். எனக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. பிள்ளைக்குப் பிடித்தால் எனக்கும் பிடிக்கும் என்று போனில் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் அவளுக்குத் தெரிந்தது, மாமியார் கல்யாணத்துக்கு வரவில்லை என்பது. இப்போது அதே மாமியார் வந்து இறங்கி, தனித் தட்டில் ஒதுங்கிச் சாப்பிடுகிறாள். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் மதினி?

ஒருநாள் அடுப்படிக்கே வந்து கேட்டுவிட்டாள். "அத்தை, ஒண்ணு கேக்கேன். எங் கை பட்ட தட்டுல சாப்பிட உங்களுக்குக் கூசுதோ?"

உண்மையைச் சொன்னால் அத்தனை வருஷம் ஜன்னலோரத் தட்டில் தின்றவள் என்று தெரிந்துபோகும். "அப்படியெல்லாம் இல்ல தாயி" என்று மட்டும் சொன்னேன். அது எனக்கே ஆமாம் என்பதுபோலக் கேட்டது.

"பெரியத்தை என் தட்டுல கெடந்த மிச்சத்தையே எடுத்துத் தின்னுருக்காக" என்றாள். நீங்கள்தான் அவளுக்குப் பெரியத்தை. அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

காலாண்டுப் பரீட்சை லீவு விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருவேங்கடம் பக்கத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரமாகியும் வருகிற பேச்சைக் காணோம். முருகேசன் போன் செய்தால், "ஒதுங்கிச் சாப்பிடுத ஆளு ஒரு வீட்டுல இருந்தா, அந்த வீட்டுல நான் இருக்கமாட்டேன்" என்றாள். அவன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தான். நான் சோற்றை எடுத்துவைத்தால், "நீங்க உங்க தட்டுல சாப்பிடுங்கம்மா" என்றான்.

அந்த நாட்களில் மஸ்கட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அங்கே என் இடம் எது என்றாவது எனக்குத் தெரியும். இப்படி ஒரு நினைப்பு வரலாமா? நீங்கள் இருந்திருந்தால் ஒற்றை வார்த்தையில் தீர்த்திருப்பீர்கள். தெரிந்த ஒரே ஆளும் இல்லை. இனி நானே என் வாயால் சொன்னால்தான் உண்டு.

பஸ் ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை, ஊருக்கு வந்தபிறகு அதுதான் முதல் தடவை. அவர்கள் வீடு கரிசல் காட்டை ஒட்டிக் கடைசியில் இருக்கிறது. வளர்மதியின் அம்மா பொன்னுத்தாய் என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ப் புதுப் பாயை எடுத்து விரித்தாள். பிறகு தன் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "கடையில ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாங்க. மூடி தொறக்காததாப் பாத்து வாங்குங்க."

பானை எனக்கு எதிரிலேயே இருந்தது. அதன்மேல் பளபளவென்று விளக்கிய தம்ளர் கவிழ்த்திருந்தது. நிலைக்கதவில் சாய்ந்து வளர்மதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்க்கிற பார்வை. இந்த வீட்டுக்கு வந்து பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ?

"அண்ணாச்சி, கடைக்கெல்லாம் போகாதீங்க" என்றேன். "பானைத் தண்ணி குடுங்க மதினி."

அந்த வார்த்தை தன்னால் வந்துவிட்டது. உங்களுக்குப் பிறகு நான் யாரையும் மதினி என்று கூப்பிட்டதில்லை. உங்களுக்குக் கோபம் வராதே?

ரெண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல், நீலக் கோடு போட்ட பீங்கான் தட்டு, ஜன்னல், கடையில் ரெண்டடி பின்னால் நடந்தது, எல்லாவற்றையும். சொல்லும்போது வளர்மதியைப் பார்க்க முடியவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பொன்னுத்தாய்தான் முதலில் பேசினாள். "ஒங்களையுமா மதினி?" என்றாள்.

மதினி, அத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு இப்படி ஆறுதல் சொன்னதில்லை. அவள் ஆறுதல் சொல்ல நினைத்துக்கூடச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு ஊரில் என்னையும் பார்த்துவிட்டதுபோலக் கேட்டாள்.

வளர்மதி அழுவாள் என்று நினைத்தேன். அவள் எங்கே அழுவாள்? "இத அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன அத்தை? முத்தா உதிர்ந்துரும்?" என்று சண்டைக்கு வந்தாள்.

"உம் புருசன்தான் என்ன மகாராணின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கானே. நான் எப்படி இறங்கி வர?" என்றேன்.

"நல்ல மகாராணி. பின்னாடியே பையத் தூக்கிட்டு வாரா" என்றாள். பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. எல்லாரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தோம். முதல் வாய் எனக்கு இறங்கவில்லை. பக்கத்தில் இன்னொரு ஆள் மெல்லுகிற சத்தம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பேத்தி என் தட்டில் இருந்து கத்தரிக்காயைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். பிறகு இறங்கியது.

மறுநாள் மூன்று பேரும் ஒன்றாக ஊர் திரும்பினோம். வளர்மதி ஜன்னலில் இருந்த தட்டை எடுத்து, "இத என்ன செய்ய?" என்று கேட்டாள். எறியச் சொல்லவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. "குழம்புச் சட்டிய மூடு" என்றேன். மூடிப் பார்த்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இப்போது அது மூடி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தட்டு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கூட உட்காருகிறேன், ஆனால் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்கிற மாதிரி. பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரோரம் நீங்கள் உட்காருகிற இடம் காலியாகவே கிடக்கிறது. நீங்கள் போனபிறகு யாரும் அங்கே உட்காரவில்லை. "அங்கன உக்காருங்க அத்தை, அது சும்மாதான கெடக்கு" என்று வளர்மதி தினமும் சொல்கிறாள். அந்தச் சுவரில் உங்கள் தலை எண்ணெய் பட்ட கறை இருக்கிறது. அதைப் பார்த்ததும் நான் ஓரத்துக்கே போய்விடுகிறேன். நீங்கள் கையைப் பிடித்து இழுக்காமல் நானாக எப்படி அங்கே உட்கார?

முருகேசனுக்கு மஸ்கட் கதை இன்னும் தெரியாது. தட்டால் வந்த மனஸ்தாபம், தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "நான் சொல்லமாட்டேன், அது நீங்க சொல்லணும்" என்று வளர்மதி சொல்லிவிட்டாள். அவன் தாங்கமாட்டான் என்று நீங்கள் சொன்னபோது அவன் படிக்கிற பையன். இன்றைக்கு அவனும் ஒரு பிள்ளையைப் பெற்றவன். தாங்குவான், இல்லையா?

ஒரு வாக்குத் தருகிறேன் மதினி. இன்று பொழுது சாய அவன் வேலை விட்டு வரும்போது நான் எழுந்திருக்கமாட்டேன். உங்கள் இடத்தில், அந்தக் கறையிலேயே தலை சாய்த்து உட்கார்ந்திருப்பேன். அவனையும் எதிரில் உட்காரச் சொல்லி, குழம்புச் சட்டி மூடியைக் காட்டி, அது எங்கே இருந்து வந்தது என்று சொல்வேன். சொல்லிவிட்டு எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்கு, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று உங்கள் குரல் காதில் கேட்டால், முழுப் பதிலும் சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
பேச்சியம்மாள்
சங்கரன்கோவில்