மூன்று மணி நேரம் பொறுத்த நூல்

பீளமேடு
12.6.1996

புவனாவுக்கு,

நீ பிறந்த வீட்டுக்குப் போய் இருபத்தாறு நாள். குக்கர் கேஸ்கட்டை எங்கே வைத்தாய்?

உங்கப்பா தறிக்கு நான் வெளுத்துக் கொடுத்த நூல் கெட்டதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. குளோரின் இல்லாமல் வெளுக்கலாம் என்று நான் சொன்னதில் தப்பில்லை. குளுக்கோசும் காற்றும் கொடுத்தால் என்சைம் வெளுக்கிற பெராக்சைடைச் செய்யும், மாங்கனீசு அதை முடுக்கிவிடும், சாக்கடைக்கு விஷம் போகாது. என்சைம், மாங்கனீசு இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டேன். மாங்கனீசுக்காகச் சேர்த்த சலவைச் சோடாவின் காரத்தில் என்சைம் செத்துப்போனது. வெளுக்கவில்லையே என்று பெராக்சைடையும் மாங்கனீசையும் நானே அள்ளி ஊற்றினேன். அது நூலையே தின்றுவிட்டது. ஆக, யோசனை சரி, அளவுதான் தப்பு. உங்கப்பாவிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா.

அருள்குமார்

சென்னிமலை
14.6.1996

ஏனுங்க,

கேஸ்கட் அரிசி டப்பாவுக்குப் பின்னால ஆணியில தொங்குது.

கடுதாசியை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "மாப்பிள்ளை பரீட்சை எழுதியிருக்காரா?" ன்னு கேட்டார். நாப்பது கிலோ பாவு நூலுங்க. தறியில ஏத்தினதும் தொட்ட இடமெல்லாம் அத்துப்போச்சு. அன்னிக்கு நீங்க அப்பாகிட்ட, "தப்புப் பண்ணிப்போட்டேன்"னு ஒரு சொல் சொல்லியிருந்தா போதும். "உங்க ஆளுக இழுத்த இழுப்பு"ன்னீங்க. அதுக்குத்தான் நான் கிளம்பி வந்தேன். ஞாயித்துக்கிழமை வரமாட்டனுங்க.

ஒண்ணு கேக்கட்டுங்களா? ரெண்டுக்கும் ஒத்துக்காதுன்னா எதுக்கு ஒண்ணாப் போடறீங்க? என்சைம் அதும்பாட்டுக்கு வேலையை முடிக்கட்டும். அப்புறம் மாங்கனீசு போடுங்க. உங்களுக்குத்தான் பொறுக்க ஆகாதே.

வேளைக்குச் சாப்பிடுங்க.

புவனா

பீளமேடு
9.7.1996

அன்புள்ள புவனா,

நீ சொன்னபடி செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் என்சைமை மட்டும் விட்டு, மீன்தொட்டி பம்பால் காற்று ஊதினேன். மூன்று மணி நேரம். சும்மா உட்கார்ந்தே இருந்தேன். இரண்டு தடவை மாங்கனீசு பாட்டிலைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். வேறு வேலை இல்லாததால் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் நினைத்தேன்தான், ஆனால் கேஸ்கட்டைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் சோடாவும், துளி மாங்கனீசும். நூல் வெளுத்தது. இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. இரண்டு சிட்டம் நூல் அனுப்பியிருக்கிறேன். உங்கப்பாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நாலே வரி. அதில் கெமிஸ்ட்ரி இல்லை.

உன் சிவப்புச் சீப்பு சன்னல் மேலேயே கிடக்கிறது. எடுத்து வைக்க மனசு வரவில்லை. எப்போது வருவாய் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

உன் அருள்

சென்னிமலை
16.7.1996

ஏனுங்க,

நூலை அப்பாவே பாவுல சேர்த்து நெய்தார். ஒரு இழைகூட அறலைங்க. உங்க தாளை ரெண்டு தடவை படிச்சுட்டு, மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். சாப்பிடறப்பதான், "எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குது. ஆனா மனுசன் எழுதினது" ன்னார்.

சீப்பை அங்கயே விடுங்க. வெள்ளிக்கிழமை தலை சீவ வேணும்.

புவனா