ஷாஃப்ட் வாசலில் உட்கார்ந்திருந்தோம்

ஆண்டர்சன்பேட்டை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

என் அன்பு மகள் ஜூடித்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் இங்கே நலம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் வேறு மாதிரி கேட்கிறேன், காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாயா, கிளாஸ்கோவில் மழை விட்டதா, அந்த இருமல் நின்றதா. ஞானசுந்தரி அத்தையின் மருமகன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுக்கும் ரசப்பொடிப் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் நீ கேட்டால் எனக்கு "ம்" என்பதற்கு மேல் வருவதில்லை. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம். எழுதினால் கொஞ்சம் வரும்.

நீ இரண்டு விஷயம் கேட்டாய். உன் படிப்புக்காக, நம் லைன், இந்தச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, எப்படி உண்டானது, முதலில் வந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பெரியவர்களைப் பேசவைத்துப் பதிந்து அனுப்பு என்றாய். கே.ஆர்.புரம் வீட்டுக்குக் குடிபோவதா இல்லையா, என்ன முடிவு என்றும் கேட்டாய். அப்பா விடியுமுன் ரயிலுக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறார், முழங்கால் வேறு வலிக்கிறது, அங்கே வேலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டார், வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். நான்தான் ஜூடித் கிறிஸ்துமஸுக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். உன்னால் வர முடியாது என்று நீ சொன்ன பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே பகலில் சத்தமே இல்லை. பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது, அதற்கடுத்ததும் பூட்டியிருக்கிறது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் தூசியைத் துடைக்கிறேன், மறுபடி படிகிறது. குக்கர் விசில் அடித்தால் "வரேன் இரு" என்று அதற்குப் பதில் சொல்கிறேன். சிரிக்காதே.

பதிவு செய்யப் போன கதையைக் கேள். லைன் கோடியில் இருக்கும் பாப்பம்மா அத்தையிடம்தான் முதலில் போய்ப் போனை நீட்டினேன். "இன்னா சாரா, மூஞ்சிக்கு நேரா நீட்டற, நான் இன்னா பாட்டா பாடப்போறேன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஞானசுந்தரி அத்தையும் வந்து உட்கார்ந்ததும், பேத்தமங்களா ஏரித் தண்ணீர்க் குழாய் முதலில் எந்தக் கோடிக்கு வந்தது என்று இருவருக்கும் சண்டை. "நாங்க புடிச்சி மீந்ததுதான்டி உங்க கோடிக்கு வந்துச்சி" என்று பாப்பம்மா அத்தை சொல்ல, "அப்போ உங்க மாமியா இன்னாத்துக்கு எங்க கொழாய்ல வந்து கொடத்த வச்சிகினு நின்னுச்சி" என்று ஞானசுந்தரி அத்தை கேட்க, நான் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். நான் அனுப்பிய பதிவில் இருப்பது அந்தச் சண்டை மட்டும்தான், மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமை மத்தியானம் தரை அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கல் குவாரியில் வெடி வைத்ததாகப் பிறகுதான் தெரிந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். எங்கே என்று யோசிக்கவே இல்லை, கால்கள் நேராக மைசூர் மைன்ஸ் ஷாஃப்டுக்கு, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் அந்தக் குழி வாசலுக்கு, போய்விட்டன. சுரங்கம் மூடி உன் வயதுக்கு மேல் ஆகிறது, உன் தாத்தா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், எனக்கு உள்ளே யாருமில்லை. ஆனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழே பாறை வெடித்து மேலே வீடு ஆடினால் லைன் முழுக்க அங்கேதான் ஓடும், நானும் உன் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் துருப்பிடித்த கேட்டுக்கு வெளியே எனக்கு முன்பே பெண்கள் நிற்கிறார்கள், எல்லாரும் வெறுங்காலோடு, ஒருத்தி கையில் மாவோடு. ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டோம். ஞானசுந்தரி அத்தைதான் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏன்டி, இன்னிக்கி யாரு வூட்டு ஆளு ஷிப்டு" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

உட்கார்ந்த பிறகு யாருக்கும் எழுந்து போகத் தெரியவில்லை. ஒரு வழக்கம் இருந்தது, நீ பார்த்திருக்க மாட்டாய். உன் வீட்டு ஆள் மேலே வந்துவிட்டாலும் நீ போகக் கூடாது, கடைசிப் பெண்ணின் ஆள் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஏறி வரும்வரை எல்லாரும் அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கேஜ் வாசலில் மணியடிக்கிற பேங்க்ஸ்மேன் எல்லாரும் வந்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் எழ வேண்டும். இது எப்படி வந்தது என்று பாப்பம்மா அத்தை அங்கே உட்கார்ந்துதான் சொன்னார், என் போனோ வீட்டில் கிடந்தது. முதலில் குடியாத்தம் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர், மூங்கில் தட்டி வைத்த வீடுகள், ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாம். அப்போது ஒருநாள் கீழே பாறை சரிந்தது, அவரவர் ஆள் வந்ததும் அவரவர் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள், புதிதாக வந்த ஒரு பெண் மட்டும் கைப்பிள்ளையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் வந்தானா என்று நான் கேட்டேன், நானே கேட்டேன் ஜூடித். "வந்தான். விடிஞ்சிதான் வந்தான். அவன் எதுருல வந்து நின்னது அவளுக்குத் தெரியல, மண்ணையே பாத்துகினு இருந்தா. அப்புறம்தான் பொம்பளைங்க எல்லாம் கூடி இந்தக் கட்டு வச்சாங்க. அதுக்கு முன்ன இது வெறும் தட்டி வூடுங்கதான்டி, அன்னிக்கிதான் லைனாச்சி" என்றார்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஏனோக் மாமா தடி ஊன்றிக்கொண்டு வந்தார், சுரங்கம் மூடுகிற காலத்தில் அங்கே பேங்க்ஸ்மேனாக இருந்தவர். "மாமா, நீங்க சொன்னாத்தான் போவோம், சொல்லுங்க" என்று ஞானசுந்தரி அத்தை வம்பு செய்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் மேல வந்தாச்சி, போங்கம்மா" என்றார். யாரும் அசையவில்லை. எல்லாரும் பாப்பம்மா அத்தையைப் பார்த்தோம், அவர் புருஷன் உயிரோடு மேலே வராதவர். "இன்னாடி என்னையே பாக்கறீங்க, என்னுது வராது. நான் எழுந்தாத்தான் நீங்க எழுவீங்கன்னா இந்தா எழுந்துட்டேன், போயி சோத்த ஆக்குங்க" என்று சேலையைத் தட்டிக்கொண்டு முதல் ஆளாக நடந்தார். நான் கூடவே போனேன். "உம் புருஷன் மேக்ஸ்வெல்லு வூடு பாத்துட்டானாமே, நீ இன்னாத்துக்கு இங்க ஒக்காந்துகினு கீற" என்று கேட்டார். ஜூடித் வந்தால் என்று ஆரம்பித்தேன். "அவ இன்னா கீழயா கீறா" என்றார்.

அன்று இரவு அப்பாவிடம் கே.ஆர்.புரத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். "நெஜமாவா" என்று ஒரு தடவை கேட்டார், பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே வீட்டுக்காரரின் போன் நம்பரைத் தேடினார். ஞாயிறுகளில் ஆராதனைக்கு இங்கே வருவேன், பாப்பம்மா அத்தை வீட்டில் சாப்பிடுவேன், அவரிடம் சொல்லிவிட்டேன், "வரும்போது கறி வாங்கினு வா" என்றார். கிறிஸ்துமஸுக்கு நீ வராவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் நீ உன் படிப்பைப் பார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. ஒன்றே ஒன்று மறக்காதே, எவ்வளவு நேரமானாலும் அறைக்குத் திரும்பியதும் "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை போனில் அனுப்பு. பேச வேண்டாம், அது போதும், நான் எழுந்து என் வேலையைப் பார்ப்பேன்.

உன் அம்மா,
சாரா மேக்ஸ்வெல்